சோறும் பருப்பும்: புரதச் சத்தின் கணக்கு

ஒரு நூல் பருத்தியா, பட்டா என்று ஐயம் எழுந்தால் நெசவாளர் அதன் நுனியை நெருப்பில் காட்டிப் பார்ப்பது வழக்கம். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு நூலோ மயிர் பொசுங்கும் நாற்றத்துடன் சுருண்டு, நுனியில் கருகிய சிறு மணியாக நிற்கும். உணவைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இச் சோதனையே நல்ல தொடக்கமாகும். பருத்தி, நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுச் சத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டுமே சர்க்கரைக் கூறுகள் கோத்த சங்கிலிகளாம். பட்டோ மயிருக்கும், நகத்துக்கும், நம் தசைக்கும் உறவு. இவை யாவும் புரதச் சத்தினால் ஆனவை.

மாவுச் சத்திலும் கொழுப்பிலும் கரி, ஹைட்ரஜன், பிராணவாயு என்னும் மூன்று மூலப் பொருள்களே உண்டு. புரதத்தில் இவற்றோடு நைட்ரஜனும் கலந்திருக்கிறது. அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு நைட்ரஜனேயாகும். விவசாயிகள் தழைச்சத்து என்று கூறுவது இதனைத்தான். பயிருக்குத் தழைச்சத்துக் குறைந்தால் இலை வெளிறி வளர்ச்சி குன்றுவதுபோல, மனிதனுக்கும் நேருகிறது. ஆனால் பயிர் யூரியாவிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மனிதனால் அது இயலாது. பயிரோ பிராணியோ ஆக்கி வைத்த புரதத்தை உண்டே அவன் அதனைப் பெறவேண்டும். பயன்பட்டது போக எஞ்சிய நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சங்கத்தின் உரக் கிட்டங்கியில் மூட்டையாக அடுக்கியிருக்கும் யூரியாவும் இந்த யூரியாவும் இரசாயன நோக்கில் ஒன்றேயென்பதை அங்கத்தினர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மேற்கு மலையடிவாரத்தில் குளத்து நீராலும் கிணற்று நீராலும் நெல் விளையும் சிவகிரி வட்டாரத்தில் இன்று சோற்றுக்குப் பெருங்குறை இல்லை. சங்கரன்கோவில் பக்கத்துத் தறிக் குடும்பங்களுக்கும் நியாய விலைக் கடை அரிசி கிடைத்துவருகிறது. ஆதலின் பசி என்னும் பழைய துன்பம் பெரிதும் தணிந்திருக்கிறது. எனினும் வயிறு நிறைய உண்டவனுக்கு வேண்டிய புரதம் கிட்டியதா என்பது வேறு வினா. அதற்கு விடை காண, உண்ட புரதம் உடலுக்குள் என்ன ஆகிறதென்று முதலில் பார்ப்போம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட இழை. இரைப்பையிலுள்ள அமிலமும், அங்கும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதிகளும் அந்த இழையை அறுத்துக் கூறுகளாகப் பிரிக்கின்றன. பருப்பின் புரதம் பருப்பின் புரதமாகவே இரத்தத்தில் சேர்வதில்லை. மீனின் புரதமும் அப்படியே. இழை முற்றிலும் பிரிக்கப்பட்டு, உடலின் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு வேண்டிய வரிசையில் மறுபடியும் கோத்துக்கொள்கிறது. தசை ஒரு வரிசை. இரத்தத்துக்குச் செந்நிறம் தந்து பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மற்றொன்று. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள், ஜீரண நொதிகள், தோலையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் ஆகியவை வேறு வேறு வரிசைகள்.

இவ்வாறு நெய்வதற்கு இருபது வகை அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது, உணவிலிருந்தே பெறவேண்டும். பல வண்ண நூல் கொண்டு கரை போடும் நெசவாளருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒன்பது வண்ணத்தில் எட்டு வண்ணம் ஏராளமாக இருந்தும், ஒன்றே ஒன்று தீர்ந்துபோனால் அந்தக் கரை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மிஞ்சிய எட்டு வண்ண நூலும் அப்போதைக்குப் பயனற்றதாகும். அரிசியில் குறைவாயுள்ள வண்ணம் லைசின் என்பது. பருப்பிலும் பயறுகளிலும் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறைவது மெத்தியோனின். அதுவோ அரிசியில் போதிய அளவு இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி, இரண்டும் தனித்தனியே தருவதைவிட மேலான புரதத்தைத் தருகின்றன. தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்னும் விகிதம் நல்லதென்று உணவியல் அறிஞர்கள் கூறுவர். நம் வீடுகளில் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போடும் கணக்கு இதற்கு வெகு அருகில் இருப்பது வியப்பைத் தருகிறது. இரசாயனம் தெரியாத பாட்டிமார்கள் நாவையும் மாவின் பொங்குதலையும் கொண்டே அந்த விகிதத்துக்கு வந்திருக்கவேண்டும்.

இனி, புரதத்துக்கும் மற்றச் சத்துக்களுக்கும் உள்ள முக்கிய வேற்றுமை ஒன்றைக் கவனிக்கவேண்டும். உண்ட கொழுப்பில் மிஞ்சியதை உடல் தோலுக்கடியில் சேர்த்து வைக்கும். மாவுச் சத்தையும் ஓரளவு கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கும். புரதத்துக்கு அத்தகைய களஞ்சியம் கிடையாது. முழு வளர்ச்சியுற்ற ஒருவர் உடலில் ஏறத்தாழ 10 கிலோ புரதம் உண்டெனினும், அது முழுவதும் வேலையில் இருக்கும் புரதமே. சும்மா இருக்கும் சரக்கு அன்று. நாள்தோறும் சுமார் 250 கிராம் அளவு பழையது பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கோக்கப்படுகிறது. குடலின் உட்தோல் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாட்களில் தன் ஆயுளை முடித்துக்கொள்கிறது. பிரித்த கூறுகளில் பெரும்பகுதி மறுபடியும் பயன்பட்டாலும், ஒரு பகுதி தினமும் கழிந்துபோகிறது. அதனை ஈடுசெய்ய உணவில் புரதம் வராவிட்டால் உடல் தன் தசையையே பிரித்து எடுக்கும். காய்ச்சலிலும் காயத்திலும் இந்தச் செலவு மேலும் கூடும். நோயிலிருந்து எழுந்தவரின் கை கால்கள் மெலிந்து காண்பது இதனாலேயே. ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு மற்ற ஆறு நாளும் வெறும் இரசமும் ஊறுகாயும் கொண்டு ஓட்டுவது நல்ல ஏற்பாடாகாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மற்றொரு செய்தியும் உண்டு. உடலுக்கு முதல் தேவை எரிபொருள். அது போதாதபோது, கிடைத்த புரதத்தையும் உடல் எரித்துவிடும். ஒரு கிராம் புரதம் எரிந்தால் ஒரு கிராம் மாவுச் சத்து தரும் அளவே, அதாவது 4 கலோரியே, கிடைக்கிறது. விறகில்லாத வீட்டில் பட்டு நூற்கண்டை அடுப்பில் போடுவதற்கு ஒப்பாகும் இது. அரை வயிறு உண்பவனுக்கு விலையுயர்ந்த புரதத்தைக் கொடுத்தாலும் அதில் பெரும்பகுதி விறகாகவே போகும். இந்த உண்மை உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்படுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றின் தொடக்கப் பகுதி நம் நீலகிரியில் நிகழ்ந்தது.

குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் வேலை தொடங்கினார். அதுவே வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. மெக்காரிசன் குன்னூரில் செய்த சோதனைகளில் ஒன்று நமக்கு மிகவும் தொடர்புடையது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி, சிறிது இறைச்சி என்னும் சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோறும் சிறிதளவே பருப்பும் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமோடு நின்றன; ஏழு கூட்டங்களிலும் அவையே கடைசி. இந்த வேற்றுமைக்குப் புரதம் ஒன்றே காரணமன்று. வைட்டமின்களும் உப்புகளும் அதில் சேர்ந்தவை. ஆயினும் நம் இலையிலுள்ள சோற்றுக் குவியலுக்குத் துணை போதவில்லை என்பதை அந்த எலிகள் ஐயமறக் காட்டின.

அடுத்த தலைமுறையில் அதே குன்னூரில், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் குழந்தைகளின் உணவுக் குறை நோய்களை ஆராய்ந்தார். கால் வீங்கி, முகம் ஊதி, தோல் உரிந்து, மயிர் செம்பட்டையாகி, எதிலும் நாட்டமின்றிக் கிடக்கும் குழந்தை நோய்க்குக் குவாஷியோர்க்கர் என்று பெயர். ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் அந்நாட்டு மொழியிலிருந்து 1935-இல் எடுத்து வழங்கிய சொல் அது. அடுத்த குழந்தை வந்ததால் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தையின் நோய் என்பது அதன் கருத்து. நம் ஊர்களில் சவலை என்று சொல்கிறோமே, அதே பொருள்தான். இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் ஆல்புமின் என்னும் புரதம் குறைவதும் அந்த வீக்கத்துக்கு ஒரு காரணம். வீக்கத்தைக் கண்டு பிள்ளை கொழுகொழுவென்றிருக்கிறது என்று மகிழ்ந்த பெற்றோரும் உண்டு.

இந்நோயைக் கண்டு உலகெங்கும் புரதப் பஞ்சம் என்னும் பேச்சு எழுந்தது. 1955-இல் உலக சுகாதார நிறுவனம் புரத ஆலோசனைக் குழு ஒன்றை நிறுவிற்று. மீன் மாவு, நிலக்கடலை மாவு எனப் பல தயாரிப்புகள் தோன்றின. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் நிலக்கடலை மாவுடன் கடலை மாவைச் சேர்த்து ஒரு கலவை செய்தது. ஆனால் கோபாலனும் அவருடைய தோழர்களும் வேறொன்றைக் கண்டனர். வீங்கிய குழந்தைகளும் வற்றிய குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே உணவையே உண்டுவந்தார்கள்; அந்த உணவில் புரதத்தைவிட மொத்த அளவே பெரிதும் போதாமலிருந்தது. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள கிராமங்களில் அவர்கள் நடத்தி 1973-இல் வெளியிட்ட சோதனையில், கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் கொண்டு செய்த தின்பண்டம் குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுக்கப்பட்டது. அதில் சுமார் 300 கலோரி இருந்தது; புரதமோ 3 கிராமே. எனினும் குழந்தைகளின் உயரமும் எடையும் நன்கு கூடின. வயிறு நிறைந்ததால், வீட்டு உணவில் இருந்த சிறிதளவு புரதம் விறகாகாமல் தன் வேலையைச் செய்யப் பெற்றது.

இதனால் பருப்பே வேண்டாவென்று யாரும் முடிவு செய்துவிடலாகாது. அன்றைய குழந்தைகளுக்குச் சோறே போதவில்லை. இன்று சிவகிரியில் சோறு போதுகிறது. குறை மற்றப் பக்கத்துக்கு மாறியிருக்கிறது. கணவன், மனைவி, பத்து வயது தாண்டிய மகன், எட்டு வயது மகள் என நால்வர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். 2020-ஆம் ஆண்டின் இந்திய அளவுகளின்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம், மகனுக்கு 32, மகளுக்கு 23. ஆக 155 கிராம். நால்வரும் சேர்ந்து நாளுக்கு 1,150 கிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், அரிசியில் நூற்றுக்கு 8 பங்கு புரதமாகையால் 92 கிராம் அதிலேயே வந்துவிடும். சோற்றில் புரதமே இல்லையென்று எண்ணுவது தவறு. எஞ்சிய 63 கிராமுக்கு 150 கிராம் துவரம் பருப்பு 33 கிராமும், அரை லிட்டர் பால் 16 கிராமும், இரண்டு முட்டை 13 கிராமும் தந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகும். அரிசியின் லைசின் குறையும் இதனால் நீங்கும்.

இப்போது பண்டகசாலைப் பக்கம் பார்ப்போம். நியாய விலைக் கடைகளில் சிறப்புத் திட்டத்தின்கீழ்க் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. இது பேருதவியே. ஆனால் அந்த ஒரு கிலோவை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைந்த புரதமே கிடைக்கும். மேற்சொன்ன கணக்குக்கு மாதம் நாலரை கிலோ பருப்பு வேண்டும். எஞ்சிய மூன்றரை கிலோ எங்கிருந்து வருகிறது, அல்லது வருவதேயில்லையா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மளிகைச் சிட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். துவரம் பருப்பே வேண்டுமென்பதில்லை. தட்டைப் பயறு, மொச்சை, காணம் எனப்படும் கொள்ளு ஆகியவற்றிலும் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உண்டு. பல சமயம் விலையும் குறைவு.

ஆளுக்கு மாதம் ஒன்றரை கிலோ பருப்பு என்ன செய்யும் என்பதற்கு அண்மையில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் வீட்டார் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம் பருப்பும் வைட்டமின் மாத்திரைகளும் கொடுத்தார்கள். சிறு குழந்தைகளுக்கு இதில் பாதி. 2023-இல் வெளியான முடிவின்படி, அவ்வுணவைப் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் எளிய உணவோடு வீட்டிலேயே இருக்கும் நோயாளியும் குணமடைவான் என்று முன்பே நிறுவியது. ஆகவே நோயைத் தீர்ப்பது மருந்துதான். நோய் வராமல் காப்பதில் உணவுக்கும் பெரும் பங்குண்டு. காற்றோட்டம் குறைந்த தறிக்கூடத்தில் பலர் சேர்ந்து வேலை செய்யும் நம் நெசவாளர்களுக்கு இச்செய்தி மிக முக்கியமானது.

வீட்டுக்கு வந்த பருப்பு யார் இலையில் விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதங்களில் நாளுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 17 கிராம். வழக்கத்திலோ, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொள்பவளே அவள். கைக்குழந்தைக்குப் பருப்புத் தண்ணீரை இறுத்துக் கொடுக்கும் வழக்கமும் பயனற்றது. சத்து அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. தெளிந்த நீரில் சொற்பமே. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்பை நன்றாக வேகவைத்து மசித்துச் சோற்றோடு பிசைந்தே ஊட்டவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் நிலை சற்றுத் தேவலை. 1956-இல் காமராசர் காலத்தில் பரவத் தொடங்கி, 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்த பகலுணவில் இப்போது பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. மேலே கணக்கில் எழுதிய இரண்டு முட்டைகளும் பள்ளி நாட்களில் அங்கேயே கிடைத்துவிடும்.

புரத மாவு என்று டப்பாவில் விற்பதை வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதிலிருப்பது பாலிலும் பருப்பிலும் இருக்கும் அதே அமினோ அமிலங்கள்தாம். சோறும் பருப்பும் வேளைக்கு உண்டு உடலுழைப்பும் செய்பவனுக்கு அது தேவையில்லை. உழைப்பில்லாமல் உண்டால் தசை பெருகப் போவதுமில்லை, மிஞ்சியது யூரியாவாகக் கழிந்துவிடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கோ அந்த யூரியாவை வெளியேற்றுவதே பாரமாகையால், எவ்வளவு பருப்பு, எவ்வளவு இறைச்சி உண்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே நடக்கவேண்டும். முதியோர் காரியம் வேறு. வயதாக ஆகத் தசை கரையுமாதலால், பல் போய்விட்டது என்று கஞ்சியும் காப்பியுமாக நாளைக் கழிக்காமல், பருப்பை மசித்தும் பாலும் தயிரும் சேர்த்தும் உண்பது அவர்களுக்கு அவசியம்.

இறுதியாக விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பயறுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. பயறில் புரதம் மிகுந்திருப்பது இதனாலேயே. வரப்பில் உளுந்தோ தட்டைப் பயறோ ஊன்றுவதற்குத் தனி நிலம் வேண்டியதில்லை. விளைந்ததை முழுவதும் சந்தைக்கு ஏற்றாமல் வீட்டுக்கு வேண்டிய பானையை முதலில் நிரப்பிக்கொள்ளலாம். நிலக்கடலை வைத்திருப்போர் அதனை நன்கு உலர்த்தியே சேமிக்கவேண்டும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையில் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. சுருங்கியும் நிறம் மாறியும் கசந்தும் இருக்கும் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுக. மாட்டுக்கும் வைக்கவேண்டாம், நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி மறுபடியும் வீட்டுக்கே வந்து சேரும்.